மழலையின் கையில் ஓர் அமானிதம்: நச்சற்ற விளையாட்டுப் பொருட்களைத் தெரிவு செய்தல்

 

ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் அவ்வீட்டின் வாசலில் உறவினரின் வருகை ஓய்வதில்லை. பெரியம்மா ஒரு கிலுகிலுப்பையோடு வருவார்; மாமா ஒரு பொம்மைக் காரோடு வருவார்; நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தால் புறக்கோட்டை நடைபாதையிலிருந்து காத்தான்குடிக் கடைத்தெரு வரை நிறம் நிறமாய்த் தொங்கும் விளையாட்டுப் பொருட்களில் ஒன்றேனும் வீடு வந்து சேரும். அன்பின் அடையாளமாக வருகின்ற இப்பொருட்களை நாம் பார்ப்பது நிறத்துக்காகவும் விலைக்காகவுமே. ஆனால் அப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் குழந்தை அதனை வைத்து முதலில் என்ன செய்கின்றது என்பதைச் சற்றே கவனியுங்கள். அது நேரே வாய்க்குக் கொண்டுபோகின்றது. சுவைக்கின்றது, கடிக்கின்றது, மணிக்கணக்கில் உமிழ்நீரில் ஊறவைக்கின்றது. ஆறு மாதக் குழந்தையைப் பொறுத்தவரை விளையாட்டுப் பொருள் பாதி உணவாகும். உண்ணும் உணவு ஹலாலானதா, தூய்மையானதா என்று கேட்டறிந்து வாங்குகின்ற நாம், குழந்தை உறிஞ்சிச் சுவைக்கும் பொருளைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டாமா?

விளையாட்டு குழந்தையின் உரிமை

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆபத்து இருக்கின்றது என்பதற்காகக் குழந்தையிடமிருந்து விளையாட்டையே பறித்துவிடுவது தீர்வாகாது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் சிறு வயதில் தோழியரோடு பொம்மைகளை வைத்து விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பது ஸஹீஹான நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. ஆஷூரா நோன்பு நோற்ற தம் சிறுவர்கள் உணவு கேட்டு அழுதபோது, கம்பளி நூலால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்து நோன்பு திறக்கும் வரை அவர்களை ஆற்றுப்படுத்தியதாக ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் இடம்பெறுகின்றது. ஆகவே விளையாட்டுப் பொருள் நமது மரபுக்குப் புதியதன்று. அன்றைய தாய் தன் கையால் செய்த பொருளில் என்ன இருந்தது என்பதை அறிந்திருந்தாள். இன்றைய தாய்க்கு அது தெரியாது என்பதே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

விளையாட்டுப் பொருட்களில் காணப்படக்கூடிய நச்சுப் பொருட்களுள் முதலிடம் ஈயத்துக்குரியது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய பளபளப்பான நிறங்களைத் தருவதற்காக ஈயச் சேர்வைகள் வர்ணப்பூச்சில் நெடுங்காலம் சேர்க்கப்பட்டு வந்தன. பீ.வீ.சீ. எனப்படும் பிளாஸ்டிக் வெப்பத்தில் சிதையாதிருப்பதற்காகவும் ஈயம் கலக்கப்பட்டது. மலிவான உலோக நகைகளிலும் சிறு பதக்கங்களிலும் ஈயம் வார்க்கப்படுவதுண்டு. இது மணப்பதில்லை, கண்ணால் பார்த்து இனங்காண முடிவதுமில்லை. வர்ணப்பூச்சில் கலந்துள்ள சில ஈயச் சேர்வைகள் இனிப்புச் சுவையுடையவை என்பதால், உரிந்த பூச்சைக் குழந்தை துப்பாமல் மீண்டும் மீண்டும் தேடிச் சுவைக்கவுங்கூடும்.

ஈயம் உடலுக்குள் சென்றால் மூளையின் வளர்ச்சியையே தாக்குகின்றது. கவனம் குன்றுதல், கற்றலில் பின்தங்குதல், இரத்தச்சோகை, நடத்தைக் கோளாறு ஆகியன அதன் விளைவுகளாகும். பெரும்பாலும் இவை உடனே வெளித்தெரிவதில்லை. பிள்ளை பாடசாலைக்குச் சென்ற பின்னரே, 'இவன் ஏன் படிப்பில் இப்படி இருக்கின்றான்?' என்று பெற்றார் கவலைப்படத் தொடங்குவர். தொட்டிற் பருவத்தில் கையிலிருந்த கிலுகிலுப்பையை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஈயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் திட்டவட்டமான நிலைப்பாடாகும்.

குழந்தைகள் ஏன் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றார்கள்? காரணங்கள் மூன்று. ஒரே மூலத்திலிருந்து உட்செல்லும் ஈயத்தில் வளர்ந்தவரின் உடல் ஏற்பதைப் போல் 4 முதல் 5 மடங்கைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கின்றது. அதன் உடல் நிறை குறைவு என்பதால் சிறிய அளவும் பெரிய தாக்கத்தை விளைவிக்கின்றது. மூன்றாவதாக, அதன் மூளை உருவாகிக்கொண்டிருக்கும் காலம் அது. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையின் உடல் ஈயத்தை இன்னும் வேகமாக ஈர்க்கின்றது. எனவே போசாக்கில்லாத ஏழைக் குழந்தையின் கையில் மலிவான நச்சுப் பொம்மை கிடைப்பது இரட்டைத் துன்பமாகும்.

அடுத்தது தலேற்று எனப்படும் இரசாயனக் குடும்பம். இயல்பில் விறைப்பான பீ.வீ.சீ. பிளாஸ்டிக்கை மென்மையாக்குவதற்கு இது சேர்க்கப்படுகின்றது. அழுத்தினால் கீச்சிடும் பொம்மைகளும், பல் முளைக்கும் பருவத்தில் கடிக்கக் கொடுக்கும் மலிவான வளையங்களும் மெதுமெதுவென்று இருப்பதற்கு இது காரணமாக இருக்கலாம். தலேற்று பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. கடிக்கக் கடிக்க, சூப்பச் சூப்ப உமிழ்நீரில் கசிந்து வருகின்றது. இவ்வகையிற் சில உடலின் ஓமோன்களின் இயக்கத்தைக் குழப்புகின்றன, குறிப்பாக ஆண் குழந்தைகளின் இனவிருத்தி உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியன எனக் கண்டறியப்பட்டதன் பேரில், ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டிலும் ஐக்கிய அமெரிக்கா 2008ஆம் ஆண்டிலும் விளையாட்டுப் பொருட்களில் அவற்றை 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கலாகாதெனச் சட்டமியற்றின.

உலகம் கற்ற பாடங்கள்

இவை வெறும் அச்சமூட்டும் கதைகளல்ல. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 4 வயதுச் சிறுவன் ஒருவன், ஒரு சோடிச் சப்பாத்தோடு இலவசமாகக் கொடுக்கப்பட்ட கைச்சங்கிலியின் இதய வடிவப் பதக்கத்தை விழுங்கி மரணமடைந்தான். அப்பதக்கத்தைப் பரிசோதித்தபோது அதில் 99 சதவீதம் ஈயமே இருந்தது. 2007 ஆகஸ்டில், உலகின் மிகப் பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனங்களுள் ஒன்றான மெட்டல், ஈயம் கலந்த வர்ணம் பூசப்பட்டமைக்காக உலகெங்கும் சுமார் 15 இலட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில், அவுஸ்திரேலியாவில் புகழ்பெற்றிருந்த 'பிந்தீஸ்' என்னும் ஒட்டுமணிகளை விழுங்கிய பிள்ளைகள் சுயநினைவிழந்தனர். மணிகளின் பூச்சில் குறித்த இரசாயனத்துக்குப் பதிலாக வேறொன்று பயன்படுத்தப்பட்டிருந்தது. அது உடலுக்குள் சென்றதும் மயக்க மருந்தாக மாறியது.

இந்த மூன்று சம்பவங்களும் நமக்குச் சொல்வதென்ன? இலவசமாக வந்த பொருள், பெயர் பெற்ற நிறுவனத்தின் பொருள், புகழ் பெற்ற பொருள் ஆகிய எதுவும் அக்காரணத்தினால் மாத்திரம் பாதுகாப்பானதாகிவிடாது என்பதுதான். இவற்றின் பின்னரே பல நாடுகள் சட்டங்களை இறுக்கின.

நம் நாட்டிலும் இதற்கான சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் 2011இல் விடுக்கப்பட்டு, 2013 ஜனவரி 1ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்த பணிப்புரை, வர்ணப்பூச்சுகளில் அனுமதிக்கப்படும் ஈயத்தின் அளவை வரையறுத்தது. பளபளப்பான எனாமல் பூச்சுக்கு 10 இலட்சத்தில் 600 பங்கும், சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்கான பூச்சுக்கு 10 இலட்சத்தில் 90 பங்கும் என அது அளவிட்டது. அதாவது ஒரு கிலோகிராம் பூச்சில் முறையே 600 மில்லிகிராம், 90 மில்லிகிராம். இந்த இரண்டு எண்களின் வேறுபாட்டில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. கதவுக்கும் யன்னலுக்கும் பூசி எஞ்சிய எனாமல் வர்ணத்தை எடுத்து, பழைய தொட்டிலுக்கோ மரவண்டிக்கோ பூசிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கின்றது. கதவை எவரும் கடிப்பதில்லை. தொட்டிலின் விளிம்பைப் பல் முளைக்கும் குழந்தை கடிக்கின்றது. ஆகவே கதவுக்குரிய பூச்சு தொட்டிலுக்கு உரியதன்று.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

அன்பார்ந்த பெற்றார்களே! ஆய்வுகூடம் இல்லாமலே நாம் செய்யக்கூடிய சோதனைகள் சில உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, பெட்டியை வாசியுங்கள். உற்பத்தியாளர் யார், இறக்குமதி செய்தவர் யார், எந்த வயதுக்குரியது என்ற விபரங்கள் இருக்க வேண்டும். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகமும் 0-3 என்ற எண்களும் குறுக்கே வெட்டப்பட்டிருந்தால், அது 3 வயதுக்குக் குறைந்தோருக்கு உகந்ததன்று என்பது பொருள். 'என் பிள்ளை கெட்டிக்காரன், பெரிய பிள்ளையின் சாமானையும் விளையாடுவான்' என்று எண்ணி அதனைப் புறக்கணிக்காதீர்கள்; அது அறிவைப் பற்றிய குறியன்று, தொண்டையின் அளவைப் பற்றிய குறி. ஐரோப்பாவின் ஈ.என். 71, சர்வதேச ஐ.எஸ்.ஓ. 8124, அமெரிக்காவின் ஏ.எஸ்.டீ.எம். எஃப் 963 ஆகியன விளையாட்டுப் பொருட்களுக்கான நியமங்களாகும். 'சீ.ஈ.' என்னும் அடையாளம் பெரும்பாலும் உற்பத்தியாளர் தாமே இட்டுக்கொள்ளும் உறுதிமொழி. அதனைப் போலியாக அச்சிடுவோரும் உளர். ஆகவே அடையாளம் இருப்பது நல்லது. அது மட்டுமே போதியதன்று.

இரண்டாவது, மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் போன்றோ புதிய மழையங்கி போன்றோ கடுமையாக மணக்கும் மென்பிளாஸ்டிக்கைக் குழந்தைக்கு வாங்காதீர்கள். முக்கோணக் குறிக்குள் 3 என்ற எண் இருந்தால் அது பீ.வீ.சீ. ஆகும். கடித்துச் சூப்பும் வயதில் அதனைத் தவிர்ப்பது நன்று. 2, 5 ஆகிய எண்கள் குறிக்கும் பிளாஸ்டிக்குகள் மென்மையாக்கிகள் தேவைப்படாதவை.

மூன்றாவது, தேய்த்துப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்க்கும்போது நிறம் ஒட்டினால் அது குழந்தையின் நாவிலும் ஒட்டும். நகத்தால் சுரண்டும்போது பூச்சு செதில் செதிலாக உரிந்தால் அதனை வாங்காதீர்கள்.

நான்காவது, இழுத்துப் பாருங்கள். பொம்மையின் கண், மூக்கு, பொத்தான், வண்டியின் சில்லு ஆகியன கழன்று வருமா என்று பலமாக இழுத்துப் பாருங்கள். 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளைக்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பொருளும் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது என்பது சர்வதேச அளவுகோல். வீட்டில் கழிப்பறைத் தாள் சுற்றி வரும் அட்டைக் குழாயை இதற்குப் பயன்படுத்தலாம். அக்குழாயினூடாக நுழையும் பொருள் குழந்தையின் கைக்குப் போகக்கூடாது.

ஐந்தாவது, மின்கலம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பாட்டுப் பாடும், வெளிச்சம் காட்டும் பொம்மைகளில் உள்ள பொத்தான் மின்கலம், நான் இங்கு கூறும் ஆபத்துகள் யாவற்றிலும் மிக விரைவாக உயிரைப் பறிக்கக்கூடியது. அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் அங்குள்ள ஈரத்தோடு மின்னோட்டம் ஏற்பட்டு, கடும் காரம் உருவாகி, 2 மணித்தியாலத்துக்குள் தசையை எரித்துத் துளைக்கத் தொடங்கும். திருகாணியால் மூடப்படாத மின்கல அறையுள்ள பொம்மையை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். இவ்வாறே சிறு காந்தங்களையும், நீரில் ஊறிப் பன்மடங்கு பருக்கும் அலங்கார மணிகளையும் குழந்தை தவழும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். இரண்டு காந்தங்கள் குடலின் இரு மடிப்புகளை ஒன்றோடொன்று கவ்விப் பிடித்துத் துளைத்துவிடும். நீர் மணிகள் குடலுக்குள் பருத்து அதனை அடைத்துவிடும். ஊதப்படாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் மூச்சுக்குழாயை மூடிக்கொள்ளும் பொருட்களுள் முதன்மையானவை.

வீட்டிற்குள் நாம் மறப்பவை

கடையில் இத்தனையும் பார்த்து வாங்கிய பின்னரும் வீட்டிற்குள் வேறு வாசல்கள் திறந்திருக்கக்கூடும். மூத்த பிள்ளையின் பழைய பொம்மைகளை இளைய பிள்ளைக்குக் கொடுப்பது சிக்கனம் என்பது உண்மை. ஆயினும் 2018ஆம் ஆண்டில் வெளியான இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வொன்று, பழைய பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருட்கள் 200ஐப் பரிசோதித்து, அவற்றுட் பலவற்றில், குறிப்பாகச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறத்தனவற்றில், ஈயம், கட்மியம் போன்றவை இருப்பதைக் கண்டறிந்தது. எனவே துணிப் பொம்மையையும் பூச்சில்லாத மரப் பொருளையும் கழுவிக் கொடுங்கள். நிறம் மங்கி வெடித்த பழைய பிளாஸ்டிக்கை விட்டுவிடுங்கள்.

குழந்தையின் கண்ணுக்குப் பூசும் சுர்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். ஹதீஸ்களில் வரும் 'இத்மித்' எனும் அஞ்சனக்கல்லின் பெயரால், ஈயத்தாதுவின் பொடி சந்தைகளில் விற்கப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் வெளிப்படுத்தியுள்ளன. குழந்தை கண்ணைக் கசக்கி அதே விரலைச் சூப்புகின்றது. பொம்மையில் ஈயமிருக்குமோ என்று அஞ்சிவிட்டு அதனைக் கண்ணில் தீட்டுவது பொருத்தமா? அவ்வாறே குழந்தையின் கழுத்தில் கட்டும் கறுப்பு நூலும், அதில் தொங்கும் உலோகக் கூடும் வாய்க்குப் போகும். நித்திரையில் கழுத்தை இறுக்கவும் கூடும். தொட்டிலின் குறுக்கே நீண்ட நாடாவில் பொம்மைகளைத் தொங்கவிடுவதும் இத்தகையதே.

செலவின்றியும் நல்ல விளையாட்டு உண்டு. பூச்சில்லாத, மழமழப்பாக இழைத்த மரக்கட்டை, எவர்சில்வர் கிண்ணமும் கரண்டியும், சுத்தமான பருத்தித் துணியில் தைத்த பந்து, பனையோலையில் இறுக்கிப் பின்னிய கிலுகிலுப்பை ஆகியன குழந்தைக்குப் போதுமானவை. எட்டு மாதக் குழந்தைக்கு விலை தெரியாது. சத்தமும் வடிவமும் தாயின் முகமுமே தெரியும்.

ஆபத்து நேர்ந்தால்

மின்கலத்தையோ காந்தத்தையோ குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் ஏற்பட்டாலே போதும், அறிகுறிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அல்லது அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கு விரையுங்கள். என்ன விழுங்கியது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் கூறி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூச்சு அடைத்து, அழவோ இருமவோ முடியாதிருந்தால், அதனை முன்கையில் தலை தாழ்ந்திருக்குமாறு குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கிடையே உள்ளங்கையால் 5 முறை தட்டுங்கள். பொருள் வெளிவராவிடின் மல்லாத்தி, நெஞ்செலும்பின் நடுவில் இரு விரல்களால் 5 முறை அழுத்துங்கள். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்துக்குச் செல்லும். பொம்மையின் பூச்சைக் குழந்தை நெடுநாள் சுரண்டித் தின்றிருந்தால் வைத்தியரிடம் கூறி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிப்பது பற்றிக் கேளுங்கள்.

யாருடைய பொறுப்பு?

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு அவ்வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாமறிவோம். இன்றைய விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் அந்த ஈரம், பளபளப்பான பூச்சுக்குள் மறைந்திருக்கின்றது. நம்மவர் பலர் இவ்வியாபாரத்தில் ஈடுபட்டிருக்கின்றனர். இறக்குமதி செய்யும் சகோதரரே, சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கடையில் வேலை செய்யும் இளைஞரே, 'இது எந்த வயதுக்கு உரியது?' என்று ஒரு தாய் கேட்டால், விற்பனைக்காக 'எல்லா வயதுக்கும் ஏற்றது' என்று கூறிவிடாதீர்கள். அப்பதிலை நம்பி அவள் அதனைத் தன் குழந்தையின் வாயருகே கொண்டு செல்கின்றாள். விபரமற்ற, சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

உறவினர் அன்போடு கொண்டுவந்த பொருள் பொருத்தமற்றதாயின் என்ன செய்வது? அவரது மனம் நோகாதபடி நன்றி கூறிப் பெற்றுக்கொள்ளுங்கள். சற்றுப் பெரிய பிள்ளைக்குரியதாயின் உயரமான அலுமாரியில் வைத்து, உரிய வயதில் எடுத்துக் கொடுங்கள். நச்சுத்தன்மை இருக்குமென ஐயமாயின் வேறொருவரின் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நம் குழந்தைக்கு வேண்டாமென்று ஒதுக்கியதை ஏழை வீட்டுக் குழந்தைக்கு ஸதகாவாகக் கொடுப்பது தர்மமாகாது. அக்குழந்தையின் மூளையும் அதே மூளைதான். அடுத்த முறை குழந்தை பார்க்க வருவோரிடம், 'பிள்ளைக்கு ஒரு பருத்திச் சட்டை போதும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

தீங்கைத் தடுப்பது நன்மையைத் தேடுவதற்கு முந்தியது என்பது நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் வகுத்த விதி. ஒரு பொம்மை தரும் சிறிது நேர மகிழ்ச்சி நன்மையே. ஆயினும் அதற்கு விலையாக ஒரு பிள்ளையின் அறிவையோ உயிரையோ கொடுக்க முடியாது. பேசத் தெரியாத குழந்தை, தன் கையில் தரப்படுவது எதுவென்று கேட்காது. தருகின்ற கையை நம்பி வாயைத் திறக்கின்றது. அந்த நம்பிக்கையே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள அமானிதமாகும். அதனைப் பேணி நடக்கும் பெற்றாராகவும் வியாபாரிகளாகவும் நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.